தலைவர் வரலாறும் தொழிலாளர் வரலாறும்

தமிழில் வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வகை அடியார் வரலாறாகத் தொடங்கிப் புலவர் வரலாறாகவும், வள்ளல் வரலாறாகவும், பின்னர் தேசத் தலைவர் வரலாறாகவும் வளர்ந்தது. தொழிற்சங்கத் தலைவர் அதனுள் புகுந்தது மிகப் பிந்தித்தான். புகுந்தபோதும் அவர் பழைய அடியார்க்குரிய ஆசனத்திலேயே அமர்த்தப்பட்டார். இளமையில் ஓர் அறிகுறி, நடுவில் சோதனை, பின் வெற்றி, முடிவில் மாலை மரியாதை. அவரைத் தலைவராக்கிய மக்கள் எங்கே என்று கேட்டால், 'ஆயிரக்கணக்கான தொழிலாளர்' என்னும் இரு சொற்களில் அவர்கள் அடங்கிவிடுகின்றனர். இக்குறை எழுதுவோரின் திறமைக் குறைவால் விளைந்ததன்று. இவ்வகை இலக்கியம் யாரை மையமாகக் கொண்டு பிறந்ததோ, அவரை விட்டு நகர அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

மலையக மக்களைப் பற்றிய வரலாறுகளுள் சாரல்நாடன் 1988இல் வெளியிட்ட 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' முதலிடத்தில் வைத்து எண்ணத்தக்கது. மறக்கப்பட்டிருந்த ஒரு மனிதரைச் சிதறிக் கிடந்த பத்திரிகைகளிலிருந்தும் துண்டுப் பிரசுரங்களிலிருந்தும் மீட்டெடுத்துத் தந்த நூல் அது. அதன் ஆசிரியர் தோட்டத்திலே வாழ்ந்தவர். பல்கலைக்கழகத்தின் உதவியின்றி இவ்வேலையைச் செய்தவர். இக்கட்டுரை அந்நூலுக்கு மதிப்புரையன்று. அந்நூலும் அதன்பின் வந்த பலவும் எழுப்பும் ஒரு கேள்வியைத் தொடர்ந்து செல்லும் முயற்சியே.

நடேசய்யர் தஞ்சை மாவட்டத்தில் 1887இல் பிறந்தவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரல்லர், கொழுந்து பறித்தவருமல்லர், எழுதப் படித்தவர், பத்திரிகைக்காரர். 1915இல் இலங்கைக்கு வந்தபோது, அந்நியர் எவரும் துரையின் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் கால்வைக்க இயலாத நிலை இருந்தது. ஆதலால் அவர் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு, துணிமூட்டையுடன் லயங்களுக்குள் சென்றார். தொழிலாளரின் நிலையை அவ்வாறு கண்டறிந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவருடைய வாழ்வில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி எதுவென்று கேட்டால், சட்டநிரூபண சபையையன்று, இத்துணிமூட்டையையே நாம் சுட்டுவோம். அங்கேதான் தலைவர் தொழிலாளியின் காம்பராவுக்கு முன்னால் குந்தியிருக்கிறார். பேசுவது தொழிலாளி, கேட்பது தலைவர். பின்னர் அவ்வாழ்வில் இவ்வுறவு தலைகீழாகிறது.

'தேசநேசன்', 'தேசபக்தன்' என்னும் பத்திரிகைகளை நடத்தினார், 1925இல் சட்டநிரூபண சபை உறுப்பினரானார், ஏ. ஈ. குணசிங்காவின் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தில் அவருடன் தோளோடு தோள் நின்றார். 1927இல் கொழும்புத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அது ஒரே நகரத்தின் சம்பவமாகத் தோன்றிற்று. உண்மையில் இலங்கையின் முழுப் பொருளாதாரமும் அன்று சில நாட்கள் மூச்சுத் திணறியது. இதன் காரணத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

தேயிலையும் இறப்பரும் உண்பதற்கோ உடுப்பதற்கோ இங்கே விளைவிக்கப்பட்டவையல்ல; கப்பலேற்றுவதற்காகவே விளைவிக்கப்பட்டவை. யட்டியாந்தோட்டையில் ஒரு பெண் பறித்த கொழுந்தும், தெஹியோவிட்டவில் ஒருவன் சிரட்டையில் வடித்த பாலும், பெட்டியாகவும் கட்டாகவும் உருமாறிக் கொழும்புத் துறைமுகத்தில் இன்னொருவன் தோளில் ஏறாதவரை முதலாளிக்கு ஒரு சதமும் ஈட்டித் தரா. அத்தோளும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தோளே. தமிழரும் மலையாளிகளும் அங்கே பெருந்தொகையினராய் இருந்தனர். தோட்டத்தையும் துறைமுகத்தையும் ஒரே உழைப்பின் இரு முனைகளாகக் காண நம் வரலாற்று நூல்கள் பழகவில்லை. தோட்டம் ஓர் அத்தியாயம், துறைமுகம் வேறோர் அத்தியாயம்; இரண்டுக்குமிடையே தலைவரின் பிரயாணம் மட்டுமே பாலம்.

இரு முனைகளுக்கும் பெரியதொரு வேற்றுமையும் உண்டு. துறைமுகத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் கப்பல் காத்து நிற்கிறது. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கம்பெனிக்கு நட்டம். மாலையில் அவன் திரும்பிச் செல்லும் ஒண்டுக்குடித்தனம் எவ்வளவு இழிந்ததாயினும் துறைமுகக் கம்பெனியின் சொத்தன்று. தோட்டத் தொழிலாளிக்கோ வேலை தருபவனே வீட்டுக்காரன். பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடமும், மருந்து வாங்கும் டிஸ்பென்சரியும், அரிசி அளக்கும் ஸ்டோரும் அவனுடையவை. வேலையை நிறுத்திய மறுநாள் வீடும் போகலாம். எனவே துறைமுகத்தில் வென்ற சங்க முறையைத் தோட்டத்தில் அப்படியே கொண்டுபோய் நடுவது இயலாத காரியம். 1928இல் குணசிங்காவிடமிருந்து பிரிந்த நடேசய்யர், 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார். அப்போது அவர் எதிர்ப்பட்ட உண்மையான சிக்கல் இதுவே. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டத்துக்குக் கூட்டம் பாடிய பாடல்களை வெறும் பிரசாரம் என்று ஒதுக்குவோர் உளர். சங்கம் என்னும் சொல்லையே துரை தடைசெய்த இடத்தில், நோட்டீஸ் படிக்கத் தெரியாத பெண்ணிடம் வேறு எவ்வழியில் செல்வது? இலக்கியத் தராசைத் தூக்கும் முன் இதையும் நிறுக்க வேண்டுமன்றோ.

குணசிங்காவின் பின்னைய வரலாறு நமக்கு ஒரு பாடபுத்தகம். துறைமுகத்தில் சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் ஒன்றாக நின்ற போராட்டத்தின் தலைவர், பொருளாதார மந்தம் வந்து வேலை சுருங்கியதும், இந்தியத் தொழிலாளியே சிங்களத் தொழிலாளியின் பகைவன் என்று தம் 'வீரய' பத்திரிகையில் எழுதும் நிலைக்கு இறங்கினார். 1948இல் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். அதே ஆண்டில்தான் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிற்று. இதனை ஒரு தனிமனிதரின் வீழ்ச்சி என்று எழுதி முடித்துவிடுவது எளிது. கப்பலை நிறுத்திய தொழிலாளர் தம் சங்கத்தின் நடத்தையை ஏன் நிறுத்த முடியவில்லை என்று கேட்பதுதான் கடினம். வாழ்க்கை வரலாற்றாசிரியர் அக்கேள்வியைத் தொடுவதேயில்லை. தொட்டால் தலைவரை விட்டு இறங்கிப் போக வேண்டிவரும்.

இது நம்மவர்க்கு மட்டும் உரிய குறையா என்றால், அன்று. இலண்டன் துறைமுகத் தொழிலாளரின் தலைவர் பென் டில்லெட் உண்மையிலேயே உடலுழைத்தவர். பிரிஸ்டல் நகரில் 1860இல் பிறந்து, சிறுவயதிலே வீட்டைவிட்டு ஓடி, சர்க்கஸிலும் கப்பலிலும் திரிந்து, கடைசியில் இலண்டனில் ஒரு தேயிலைக் கிடங்கில் வேலைக்கு அமர்ந்தவர். 1887இல் அவர் அமைத்த முதற் சங்கமே தேயிலைக் கிடங்குத் தொழிலாளரின் சங்கம். நம் மலைகளில் கட்டப்பட்ட பெட்டிகள் இறக்கப்பட்ட நகரத்தில், அப்பெட்டிகளைத் தூக்கியோரின் சங்கம்! 1889 ஆகஸ்டில் மூண்ட வேலைநிறுத்தம் ஐந்து வாரம் நீடித்தது. மணிக்கு ஆறு பென்ஸ் கூலி என்னும் கோரிக்கை வென்றது. ஆஸ்திரேலியத் தொழிலாளர் அனுப்பிய 30,000 பவுணுக்கு மேற்பட்ட பணமே பசியைத் தாங்க உதவிற்று. டில்லெட் 1917இல் பாராளுமன்ற உறுப்பினரானார். அதற்குள் முதல் உலகப்போரை உரக்க ஆதரிக்கும் மேடைப் பேச்சாளராகவும் மாறியிருந்தார். அவருடன் நின்ற ஜான் பர்ன்ஸ் 1905லேயே அமைச்சராகிவிட்டார். டில்லெட் 1931இல் தம் நினைவுகளை நூலாக எழுதினார். கிடங்கில் மூட்டை சுமந்தவரே பேனா பிடித்தும், சுமந்தோரின் கதை முழுதும் எழுதப்பட்டுவிடவில்லை. ஆயினும் நம்மிடையே அந்த அளவுகூட இல்லை. கொழும்புத் துறைமுகத்தில் 1927இல் மூட்டையைக் கீழே வைத்த ஒருவனுடைய வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் நாம் படித்ததில்லை.

இனிச் சபரகமுவைக்கு வருவோம். மலையகம் என்றதும் எழுத்தாளர் மனத்தில் தோன்றுவது அட்டன், தலவாக்கலை, நுவரெலியா. பனி மூடிய மலை. கூடை சுமந்த பெண். சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துக்கள் அந்நிலப்பரப்புக்கு இலக்கிய உரிமை பெற்றுத் தந்தன. அவரும் தொழிற்சங்கவாதி, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினர். சங்கம் வைக்க முற்பட்டதனால் இருப்பிடம் இழக்கும் தொழிலாளியை 'வீடற்றவன்' நாவலின் நடுவில் நிறுத்தியவர் என்ற வகையில், தலைவர் வரலாற்றிலிருந்து விலகித் தொண்டர் வரலாற்றை எழுதிய முன்னோடி அவரே என்பது எம் கருத்து. ஆனால் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் வேறு உலகம். பனியில்லை, அடைமழையும் அட்டையும் உண்டு. தேயிலையோடு இறப்பர். விடியுமுன் பால்வெட்டும் கத்தியுடன் மரத்துக்கு மரம் ஓட வேண்டும். மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் பேரில்லை. தோட்டங்கள் தொடர்மலையாக இல்லாமல் சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. அட்டனில் ஒரு மலையில் எழுப்பிய குரல் அடுத்த மலைக்குக் கேட்கும். இங்கே நடுவில் வயலும் விகாரையும் கடைத்தெருவும் உண்டு. இச்சிதறல் சங்கத்தைப் பலவீனமாக்கிற்று. அதே சமயம், வேறெங்கும் இல்லாத அளவுக்குத் தமிழ்த் தொழிலாளியும் சிங்கள விவசாயியும் முகத்துக்கு முகம் வாழும் வாய்ப்பையும் தந்தது.

அந்த வாய்ப்பு என்னவாயிற்று என்பதே சபரகமுவையின் கதை. 1934-35இல் மலேரியா கேகாலைக் கிராமங்களைச் சூறையாடியபோது, என். எம். பெரேராவும் சூரியமல் இயக்கத் தோழர்களும் மருந்தும் பருப்பும் சுமந்து வீடுவீடாகச் சென்றனர். 'பருப்பு மாத்தயா' என்று மக்கள் அவரை அழைத்தனர். 1936இல் ருவன்வெல்லை அவரை அரசாங்க சபைக்கு அனுப்பிற்று. பக்கத்து அவிசாவளை பிலிப் குணவர்த்தனாவை அனுப்பிற்று. இடதுசாரி இயக்கம் இத்தீவின் சட்டசபையில் கால்பதித்தது இவ்விறப்பர்க் காட்டின் வழியாகத்தான்.

பத்தாண்டு கழிந்து, அதே கேகாலை மாவட்டத்தில், உந்துகொடைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மயர் தோட்டத்தை — தொழிலாளர் வழக்கில் உருளவள்ளி — அரசாங்கம் எடுத்துக் கிராமத்தவர்க்குப் பகிர முற்பட்டது. நிலமற்ற சிங்கள விவசாயிக்கு நிலம் வேண்டும் என்பதில் எந்த முற்போக்காளனுக்கும் ஐயமில்லை. ஆனால் அந்நிலத்தைப் பண்படுத்திய தொழிலாளர் குடும்பங்களுக்கு 1946இல் கிடைத்தது வெளியேறும் நோட்டீஸ். அவர்கள் வெளியேற மறுத்தனர். குற்றவியல் அத்துமீறல் என வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுக்கு ஆதரவாகக் கேகாலையிலும் அட்டன் பகுதியிலும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வெள்ளைக் கம்பெனிகளின் பெருந்தோட்டங்கள் தொடப்படவில்லை. ஏழைக்கு ஏழையின் குடிசையைப் பிடுங்கிக் கொடுப்பதே நிலச் சீர்திருத்தம் என்றாயிற்று. பின்னாளில் நிகழ்ந்த பலவற்றுக்கு இது முன்னோட்டம்.

இத்தகைய வழக்குகளின் சட்ட எல்லை எது என்பதை 1950இல் இலண்டன் பிரிவி கவுன்சில் 'செல்வநாயகம் எதிர் அரசர்' வழக்கில் வரையறுத்தது. மேன்முறையீடு செய்தவர் லயத்தில் குடியிருந்த ஒரு தோட்டத் தொழிலாளி. தமக்கு உரிமை உண்டு என்று நேர்மையாக நம்பித் தங்கியிருப்பவரை, அது தோட்ட நிர்வாகத்துக்கு எரிச்சலூட்டும் என்பதற்காகவே குற்றவாளியாக்க முடியாது. எரிச்சலூட்டுவதே மெய்யான நோக்கம் என்று நிறுவ வேண்டும். இதுவே தீர்ப்பின் சாரம். இலங்கையிலும் இந்தியாவிலும் சட்ட மாணவர் இத்தீர்ப்பை இன்றும் படிக்கின்றனர். அத்தொழிலாளியின் பெயரை அவர்கள் அறிவார்கள். இலக்கிய மாணவர் அறியார். அவர் எந்த மரத்தடியில் யாரிடம் யோசனை கேட்டார், மேல்நீதிமன்றத்துக்குப் போவோம் என்று சொன்னபோது மனைவி என்ன சொன்னாள், அண்டை வீட்டார் சந்தா தந்தனரா, ஒதுங்கினரா? இலண்டன் வரை சென்ற மனிதரைப் பற்றி ஒரு சிறுகதையேனும் நம்மிடம் உண்டா?

நம் அணியின் குறையையும் மறைக்காது சொல்ல வேண்டும். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சமசமாஜக் கட்சி, 1964இல் கூட்டரசாங்கத்தில் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, கேகாலை மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினரான என். எம். பெரேரா நிதியமைச்சராயிருந்தார். 1970க்குப் பின் மீண்டும் நிதியமைச்சரானார். அவர் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா பெருந்தோட்ட அமைச்சரானார். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. முதலாளித்துவச் சொத்து பொதுவாயிற்று என்று நாம் கைதட்டினோம். அதே ஆண்டுகளில் லயங்களில் பசியால் மக்கள் இறந்தனர். காணிப் பகிர்வின் பெயரால் குடும்பங்கள் விரட்டப்பட்டன. பருப்பு சுமந்து வந்த அதே கை! இதனைத் துரோகம் என்ற ஒற்றைச் சொல்லால் அடைத்துவிடுவோரோடு நாம் உடன்படோம். வரலாற்றின் தேவை என்று பூசி மெழுகுவோரோடும் உடன்படோம். வாக்குரிமை பறிக்கப்பட்ட தொழிலாளி தேர்தற் கணக்கிலிருந்து மறைந்தான். தேர்தற் கணக்கிலிருந்து மறைந்தவன் கட்சியின் கண்ணிலிருந்தும் மெல்ல மறைந்தான். இம்மறைவின் படிகளை ஒவ்வொன்றாகக் காட்டும் வரலாறே நமக்கு வேண்டும்.

எதிர்த்திசையில் பயணம் செய்த ஒருவரையும் இங்கே நினைத்தல் தகும். எஸ். சி. சி. அந்தோனிப்பிள்ளை 1914இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இலண்டனில் படித்தவர், சமசமாஜக் கட்சியில் சேர்ந்து, தமிழறிந்தவர் என்பதால் தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றியவர். அவிசாவளையை அடுத்த பொரலுகொடைக் குடும்பத்தில் பிறந்த, பிலிப் குணவர்த்தனாவின் சகோதரி கரோலைனை மணந்தார். போர்க்காலத்தில் இந்தியா சென்று, 1946இல் சென்னைத் தொழிற்சங்கத்தின் தலைவரானார். மறு ஆண்டு பின்னி ஆலை வேலைநிறுத்தத்தை நடத்தினார். சென்னைத் துறைமுகத் தொழிலாளரின் தலைவராக நெடுங்காலம் விளங்கினார். 1952இல் சென்னைச் சட்டமன்றம், 1957இல் வடசென்னையிலிருந்து மக்களவை. 2000ஆம் ஆண்டு மறைந்தார். நடேசய்யர் தஞ்சையிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கும் தோட்டத்துக்கும் வந்தார். இவர் தோட்டத்திலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குப் போனார். இரு வாழ்வுகளையும் அருகருகே வைத்து எழுதினால், கடலின் இருகரையிலும் ஒரே வர்க்கம் எவ்வாறு உருவாயிற்று என்பது தெளிவாகும். நாம் இருவரையும் இருநாட்டு வரலாறுகளில் பிரித்துப் புதைத்து வைத்திருக்கிறோம். இன்னுமொன்று: இருவருமே பாராளுமன்றப் படியேறியவர்கள், இருவர் வாழ்விலும் துணைவியர் இயக்கத்தில் சரிபாதி. மீனாட்சியம்மையாரையும் கரோலைனையும் 'உறுதுணையாக நின்றார்' என்னும் ஒரு வாக்கியத்தில் முடிப்பது எழுதுவோரின் சோம்பலன்றி வேறென்ன?

2024ஆம் ஆண்டுத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து மலையகத் தமிழர் ஒருவர் பாராளுமன்றம் சென்றார். மகிழ்ச்சிக்குரிய நிகழ்ச்சி. அவர் வரலாற்றை எழுத நாளை பலர் முன்வருவர் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் சபரகமுவையில் 'தலைவர்' என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற வாசகர் இடம் தருவர் என்று நம்புகிறேன். தொண்ணூறுகளில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பித்தேன். பத்தாம் வகுப்புக்கு 'நான் போற்றும் தலைவர்' என்று கட்டுரை கொடுத்தேன். முப்பது கொப்பிகளில் காந்தியும் பாரதியும் வந்தனர். ஒரு பையன் மட்டும் தன் தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தான். தாத்தா பால்வெட்டும் தொழிலாளி. அத்தோட்டத்தின் சங்கத் தலைவர். தோட்டத்தார் எல்லோரும் அவரைத் 'தலைவர்' என்றே கூப்பிடுவார்கள் என்று தொடங்கியிருந்தான். பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை யாருக்காவது அரைப்பேர் போட்டால், தாத்தா கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கேட்பாராம். தோட்டத்தில் ஒரு நாட் கூலிக்குப் 'பேர்' என்பதே வழக்கு. செக்ரோலில் பேர் விழுந்தால் கூலி, பாதி விழுந்தால் பாதிக் கூலி. சந்தா எழுதிய கொப்பியை அவர் ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தாராம். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்களில் லயங்களுக்குத் தீ வைத்தபோது அத்தகரமும் எரிந்துபோயிற்று. காட்டில் ஒளிந்திருந்து திரும்பிய பிறகு, தாத்தா ஒரு புதுக் கொப்பி வாங்கி, லயத்துக்கு லயம், காம்பராவுக்குக் காம்பரா, எல்லாப் பேரையும் ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினாராம். கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டவர்களின் பேரையும் எழுதினாராம். அவர்கள்தான் இல்லையே, ஏன் எழுதுகிறீர்கள் என்று பாட்டி கேட்டதற்குத் தாத்தா சொன்ன பதிலைப் பையன் எழுதவில்லை, பக்கம் முடிந்துவிட்டது.

நான் சிவப்பு மையில், 'தலைப்புக்குப் பொருந்தவில்லை. தேசத் தலைவர் ஒருவரைப் பற்றி எழுதுக' என்று குறித்து, இருபதுக்கு எட்டுப் புள்ளி இட்டேன்.